கேள்வி கேட்டால் தெரியும் வினையின் வகை

ஆங்கில வினைச்சொற்களைப் பாடநூல்கள் பல விதமாகப் பிரிக்கின்றன: செயப்படுபொருள் குன்றியது, குன்றாதது, 'ஈடி' சேர்ந்து இறந்தகாலம் ஆவது, 'கோ, வென்ட், கான்' என உருமாறுவது. எல்லாமே தேவைதான். ஆனால் முதலில் பிடிபட வேண்டியது முதன்மை வினை, துணை வினை என்னும் பிரிவு. கேள்வியும் மறுப்பும் இதை நம்பியே அமைகின்றன. 'ஷீ கேன் சிங்' என்பதில் துணை வினையான 'கேன்' எழுவாயைத் தாண்டி முன்னால் வந்தால் போதும், 'கேன் ஷீ சிங்?' என்று கேள்வி பிறந்துவிடும். 'ஷீ சிங்ஸ்' என்பதில் துணை வினை இல்லை. அந்த இடத்தை நிரப்ப 'டூ' வருகிறது: 'டஸ் ஷீ சிங்?' இங்கே 'சிங்ஸ்' தன் 'எஸ்' விகுதியை இழந்து வெறும் 'சிங்' ஆகிவிட்டது. அந்த விகுதி இப்போது 'டஸ்' மீது இருக்கிறது. காலம் காட்டும் பொறுப்பு வரிசையில் முதலில் வரும் வினைக்கு மட்டுமே உண்டு. 'டிட் ஷீ வென்ட்?' தவறாவதும் இதனால்தான். இறந்தகாலத்தை 'டிட்' காட்டிவிட்டது. 'கோ' அதை மறுபடி காட்டக் கூடாது.

ஒரே சொல் இரண்டு பக்கமும் வருகிறதே, பிறகு இது என்ன பிரிவு என்று கேட்கலாம். 'வாட் டூ யூ டூ?' என்பதில் முதல் 'டூ' துணை, இரண்டாவது முதன்மை. 'ஷீ ஹேஸ் ஈட்டன்' என்பதில் 'ஹேஸ்' துணை. 'ஷீ ஹேஸ் எ கார்' என்பதில் அதுவே முதன்மை. இது பிரிவின் குறை ஆகாது. வகை என்பது சொல்லோடு பிறந்த அடையாளம் அல்ல, வாக்கியத்தில் அது செய்யும் வேலை. 'பீ' மட்டும் தனி வழியில் போகிறது. தனித்து நின்று பொருள் தரும்போதும் அது 'டூ'வின் உதவியை நாடுவதில்லை: 'இஸ் ஷீ எ டாக்டர்?' ஷேக்ஸ்பியர் காலத்தில் மற்ற முதன்மை வினைகளும் இப்படி எழுவாய்க்கு முன்னால் வர முடிந்தது. 'டூ யூ நோ ஹிம்?' என்பதை 'நோ யூ ஹிம்?' என்றும் அன்று கேட்டார்கள். 'டூ' கட்டாயமானது அதற்குப் பின்னர்தான்.

தமிழிலும் துணை வினை உண்டு, ஆகவே இதில் தனியாகக் கற்க என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கற்க வேண்டியது வரிசையை. 'பாடிக்கொண்டிருந்தாள்' என்பதில் காலமும் பாலும் கடைசியில் உள்ள 'இரு' மீது ஏறுகின்றன. 'ஷீ வாஸ் சிங்கிங்' என்பதில் காலம் முதலில் உள்ள 'வாஸ்' மீது ஏறுகிறது. தமிழ் கடைசி வினையிடம் ஒப்படைக்கும் பொறுப்பை ஆங்கிலம் முதல் வினையிடம் ஒப்படைக்கிறது. ஆகவே வினை அட்டவணையை மனப்பாடம் செய்வதற்கு முன், ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வியாகவும் மறுப்பாகவும் மாற்றிப் பழக வேண்டும். எந்த வினை முன்னால் வருகிறது, எது இடம் மாறாமல் இருக்கிறது என்பது பழகிவிட்டால், வகைகளின் பெயர்களை அதன் பிறகு கற்பது எளிது.