வெற்றிடமும் படத்தின் ஒரு பகுதியே

பட்டாபிராமில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஓவியப் பாடவேளையும் என் பொறுப்பே. ஒருநாள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ரயில் நிலையத்தை வரைந்திருந்தாள். நடைமேடையின் ஓரத்தில் ஒரு பாட்டி. மீதித் தாள் முழுவதும் வெறும் தண்டவாளம். "காலி இடத்தை நிரப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மரம், மேகம், சூரியன், பறவைகள் எல்லாம் வந்திருந்தன. பாட்டியைத்தான் தேட வேண்டியிருந்தது.

என் தவறு, பல்லவர் பாடம் நடத்தியபோதுதான் புரிந்தது. மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசு சிற்பத்தைப் படமாகக் காட்டி, "முதலில் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "யானை!" என்றனர் பலர். ஏனென்று கேட்டதும் அதே மாணவி சொன்னாள்: "யானை உடம்புல ஒண்ணுமே செதுக்கலையே மிஸ், அதான் பளிச்சுனு தெரியுது."

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சிற்பம் ஏறக்குறைய 90 அடி நீளமுடையது. நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் இருந்தும் கண் குழம்புவதில்லை. ஏன்?

கவன மையம்: பாறையின் இயற்கைப் பிளவையே சிற்பி மையமாக்கினார். இருபுறமும் உள்ள உருவங்களில் பெரும்பாலானவை அதை நோக்கித் திரும்பி, நம் பார்வையையும் அங்கே அழைத்துச் செல்கின்றன.

சமநிலை: கோலத்தில் இருபக்கமும் ஒன்றுபோல் இருக்கும். இங்கே வலப்புறம் பெரிய யானைகள். இடப்புறம் சிறு கோயிலும் முனிவர்களும். வேறு வேறாக இருந்தும் தராசு சாயவில்லை.

அளவு வேறுபாடு: யானை உடனே தெரிகிறது. அதன் அருகே தவசிபோல் நிற்கும் பூனையும் எலிகளும், நின்று பார்ப்பவருக்கே தெரிகின்றன.

வெற்றிடம்: நெரிசலான உருவங்களுக்கு நடுவே யானையின் பரந்த உடல் கண்ணுக்கு ஓய்வு தருகிறது.

இவற்றை வகுப்பில் எளிதாகப் பழக்கலாம். வண்ணத்தாளில் மூன்று, நான்கு உருவங்களை வெட்டி, ஒட்டாமல் தாளின்மேல் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: கண் முதலில் எங்கே போகிறது? அடுத்து எங்கே? எதை எடுத்துவிட்டால் படம் கெடும்? சுவரொட்டி தயாரிக்கும்போதும் கரும்பலகையில் எழுதும்போதும் இக்கேள்விகள் நமக்கும் உதவும்.

அந்த மாணவியிடம், "நான் சொன்னது தவறு, உன் முதல் படத்தையே மறுபடி வரை" என்றேன். வரைந்து வந்தாள். "பாட்டி ஏன் தனியா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அம்மா வேலை முடிஞ்சு வர்ற ரயிலுக்கு நிக்கிறாங்க மிஸ். இன்னும் வரல."

இக்கேள்வியை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.