கேள்வி கேட்கும் பாத்தியதை

சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலின் கீழ் நிற்கும் குடியானவருக்கும் டில்லிப் பார்லிமெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் உண்டு. முல்லைப் பெரியாறே அதற்கு விடை. அணை நிற்பது கேரள ராஜ்யத்தில். அதன் உடைமையும் நிர்வாகமும் தமிழ்நாட்டினுடையவை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சைக்கு அந்த ஜலமே ஜீவாதாரம். ஒரு ராஜ்யத்துக்குச் சொந்தமாய் மற்றொரு ராஜ்யத்தில் இருக்கும் அணைகளின் பாதுகாப்புப் பொறுப்பை 2021-ம் வருஷத்துச் சட்டம் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்திடம் ஒப்புவித்தது. அச்சட்டத்தை இயற்றியது பார்லிமெண்டுதான்.

அங்கத்தினர் அங்கே என்ன செய்யக்கூடும்? வோட்டளிப்பதில் அவருக்குப் பூரண சுதந்திரமில்லை. 1985-ல் ஏற்பட்ட கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் உத்தரவை மீறி வோட்டளித்தால் ஸ்தானமே பறிபோகலாம். ஆனால் கேள்வி கேட்டதற்காக எவர் ஸ்தானத்தையும் அச்சட்டம் பறிப்பதில்லை.

லோக்சபை கூடியதும் முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கே உரியது. பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்டவை நாளொன்றுக்கு 20. இவற்றுக்கு மந்திரி எழுந்து நின்று வாய்மொழியாக விடை கூறவேண்டும். மழுப்பினால் உபகேள்வி போட்டு மடக்கலாம். நேரமின்மையால் எட்டாத கேள்விகளுக்கும், நட்சத்திரமில்லாதவற்றுக்கும் எழுத்து மூலம் விடை வரும். அதுவும் சர்க்காரைக் கட்டுப்படுத்தும் பதிவே.

கல்யாணத்துக்கு வந்தாரா, காதுகுத்துக்கு வந்தாரா என்றே நாம் அங்கத்தினரைக் கணக்குப் பார்க்கிறோம். அனுமதியின்றி அறுபது நாள் சபைக்கு வராதவரின் ஸ்தானம் காலியானதாக அறிவிக்க அரசியல் சட்டத்தின் 101-வது ஷரத்து இடமளிக்கிறது. வந்து வாய் திறவாதிருப்பவருக்கு அப்படி ஒரு ஷரத்தில்லை. அவரைக் கேட்க வேண்டியவர்கள் தேனித் தொகுதி வோட்டர்களே. பெரியாற்றைப் பற்றி அவர் கேட்டவை எத்தனை என்பது சபை நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சாகியிருக்கிறது.