அடியில் அடர்ந்தால்தான் உயிர்வேலி

செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டை அறுவடை முடிந்ததும் வெள்ளாடுகள் நிலத்தில் இறங்கிவிடும். பக்கத்திலேயே கத்தரி, மிளகாய் போட்டவர்கள் பாடு திண்டாட்டம்தான். பாக்கமலைக் காட்டோரம் என்றால் காட்டுப்பன்றித் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். கல்தூண் நட்டு முள்கம்பி கட்டச் செலவு அதிகம். சிலர் வேலிக்கம்பியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். இது சட்டப்படி குற்றம். இதில் மனித உயிர்களும் போயிருக்கின்றன.

நம் முன்னோர் வைத்திருந்த வழி உயிர்வேலி. இன்று பல வேலிகள் மேலே தழைத்து, அடியில் ஆடு நுழையும் சந்துகளோடு நிற்கின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் கவாத்து செய்யாமல் விட்டதே இதற்குக் காரணம்.

எந்தச் செடி?

செஞ்சியின் வெயிலையும் சரளை மண்ணையும் தாங்குவதில் முள்கிளுவைக்கு முதலிடம். கோடையில் இலை உதிர்த்தாலும் முள் காவல் காக்கும். உள்வரிசைக்கு நொச்சி, ஆடாதோடை ஏற்றவை. இவற்றை ஆடு கடிக்காது. களாச்செடிக்கு முள்ளும் உண்டு, ஊறுகாய்க்குக் காயும் உண்டு. சீமைக்கருவேலையும் உண்ணிச்செடியையும் வேலிக்கு வைக்க வேண்டாம். அவை வேலியோடு நிற்காமல் நிலத்துக்குள் பரவிவிடும்.

கணக்கும் நடவும்

சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 255 மீட்டர், அதாவது 835 அடி. அடிக்கு ஒன்று என இரண்டு வரிசை நட ஏறக்குறைய 1,670 குச்சிகள் தேவை. ஊரிலுள்ள பழைய வேலியிலிருந்தே இவற்றை வெட்டிக்கொள்ளலாம்.

கிளுவையைச் சித்திரை, வைகாசியில் துளிர்விடும் முன் நட வேண்டும். கட்டைவிரலுக்குக் குறையாத பருமனில், 3 முதல் 4 அடி நீளத்தில் குச்சி வெட்டி, வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, ஓரடி ஆழத்தில் ஊன்றவும். ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்துக் குறுக்காக நட்டால் அடிச்சந்து அடைபடும். தண்ணீர் தேங்கினால் குச்சி அழுகிவிடும்.

நொச்சி, ஆடாதோடைக் குச்சிகளைப் புரட்டாசி, ஐப்பசியில் உள்வரிசையில் நடலாம். மழையிலேயே வேர் பிடித்துவிடும். களாவை விதை மூலம் வளர்ப்பதானால், பழுத்த பழத்திலிருந்து எடுத்த விதையை உடனே பையில் ஊன்ற வேண்டும். நாளானால் முளைப்புத்திறன் குறையும்.

எல்லைக்கோட்டிலிருந்து 2 அடி உள்ளே தள்ளி நடுவது பின்னால் வரும் வரப்புத் தகராறைத் தவிர்க்கும்.

கவாத்துதான் உயிர்

நட்ட செடி 2 அடி வளர்ந்ததும் மனம் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அப்போதே பாதியாக வெட்ட வேண்டும். நுனியை வெட்டினால்தான் அடியிலுள்ள மொட்டுகள் விழித்துப் பக்கக்கிளை விடும். மீண்டும் ஓரடி வளர்ந்ததும் அதில் பாதியை வெட்டவும். இப்படி இரண்டு ஆண்டு செய்தால் வேலி அடியிலிருந்தே அடரும். கிளுவைக்கும் உச்சியை வெட்டி, பக்கக்கிளைகளை ஒன்றுக்குள் ஒன்று பின்னிவிடலாம்.

வேலியின் அடி அகன்றும் மேல் குறுகியும் இருக்கும்படி வெட்டுங்கள். மேல்பகுதி விரிந்தால் அடிக்கிளைகளுக்கு வெயில் கிடைக்காமல் காய்ந்துபோகும். பட்டுப்போன இடங்களை அடுத்த பருவத்திலேயே புதுக்குச்சியால் நிரப்ப வேண்டும். ஒரு சந்து இருந்தாலும் ஆட்டுமந்தை முழுவதும் அதில் நுழைந்துவிடும்.

பயிருக்குப் பாதகமா?

நிழலும் வேரும் பக்கத்துப் பயிரைச் சற்றுப் பாதிக்கத்தான் செய்யும். வேலியை 5 அடிக்கு மேல் விடாமல், மார்கழி மல்லாட்டை விதைப்புக்கு முன் ஒருமுறை ஒதுக்கி வெட்டவும். வேலிக்கும் பயிருக்கும் இடையே ஓரடி அகலத்தில் சிறு வாய்க்கால் எடுத்தால் வேர் உள்ளே வராது, மழைநீரும் நிற்கும்.

வெட்டிய நொச்சி, ஆடாதோடைத் தழை ஐந்திலைக் கரைசல் தயாரிக்க உதவும். தானியக் குதிரில் நொச்சி இலை போட்டு வைப்பது நாம் அறிந்ததே.

முதல் இரண்டு ஆண்டு, வெட்டிய முள்ளை வெளிப்புறம் அடைத்துச் செடியைக் காப்பாற்ற வேண்டும். காட்டுப்பன்றி வரும் நிலத்தில் வேலி அடரும்வரை இரவுக் காவலையும் விட முடியாது. மூன்றாம் ஆண்டிலிருந்து வேலி நிலத்தைக் காக்கும். ஆண்டுக்கு இரண்டு கவாத்து மட்டும் அதற்குப் போதும்.