இப்போ உள்ளே யார் யார்?

பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு லினக்ஸ் சர்வரில் ‘ஹூ’ (who) என்று மூன்றே ஆங்கில எழுத்தைத் தட்டி என்டரை அழுத்துங்கள். அந்த நொடியில் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் வரிசையாக வந்து நிற்பார்கள். பெயர், டெர்மினல், நுழைந்த நேரம், எங்கிருந்து வந்தார் என்ற முகவரி, எல்லாம் ஒரே வரியில். 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இந்தக் கட்டளை இருக்கிறது. அரை நூற்றாண்டு தாண்டியும் அதே பெயர், அதே வேலை!

அதற்கு எப்படித் தெரிகிறது? திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால்தான் அழகே. ‘ஹூ’ காலங்காலமாக யாரையும் தேடிப் போனதே இல்லை. ‘யூடெம்ப்’ என்ற சின்னக் கோப்பைத் திறந்து படித்துச் சொல்லும், அவ்வளவுதான். லாட்ஜ் ரிஜிஸ்டர் மாதிரி, நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்ததும் லாகின் நிரல் அதில் உங்களைப் பதிந்துவிடும். நம் மேசையில் இருக்கும் சாதாரண 64 பிட் இன்டெல் கணினியின் லினக்ஸில் ஒரு பதிவு 384 பைட். பெயருக்கு 32, வந்த இடத்துக்கு 256. அதற்குள் ஒளிந்திருக்கும் ஓர் எண்ணைப் பாருங்கள்: 7 என்றால் ஆள் உள்ளே. வெளியேறியதும் அதே எண் 8 ஆகிவிடும்! கனெக்‌ஷன் பாதியில் அறுந்து, 8 போட யாரும் இல்லாமல் போனால், எப்போதோ போனவர் பட்டியலில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார்.

வெறும் பெயர் போதாது என்று ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் இருந்தவர்களுக்கு அப்போதே பட்டுவிட்டது. அங்கே திரையில் தெரிந்தது சுருக்குப் பெயரும் டெர்மினல் எண்ணும் மட்டுமே. விரலை வரி வரியாக இறக்கிக்கொண்டே, இது இன்னார், இது இன்னார், அவரைக் கடைசியாக எப்போது பார்த்தோமோ தெரியவில்லை என்று பேசிக்கொள்வார்களாம். அதைக் கவனித்த லெஸ் எர்னஸ்ட் 1971இல் ‘ஃபிங்கர்’ என்ற நிரலை எழுதினார். முழுப் பெயரையும், ஆள் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்பதையும் அது காட்டியது. ஏன் காணோம் என்று விளக்கம் எழுதி வைக்க ‘பிளான்’ என்றொரு கோப்பும் பின்னால் சேர்ந்தது. 1990களில் ஜான் கார்மாக் ‘குவேக்’ விளையாட்டை உருவாக்கும்போது வேலைக் குறிப்புகளை அதில்தான் எழுதினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஒரு படி மேலே போய், கோக் மெஷினையே ஃபிங்கர் செய்தார்கள். எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, எது ஜில்லென்று ஆகிவிட்டது என்று நாற்காலியை விட்டு எழாமலே தெரிந்துகொண்டார்கள்!

சரி, லினக்ஸில் உள்ளே இருப்பவர்களைக் காட்டும் இன்னொரு கட்டளை ‘டபிள்யூ’ (w). ஒருவர் சும்மா இருக்கிறார் என்பதை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. லினக்ஸில் ஒவ்வொரு டெர்மினலும் ஒரு கோப்பு. நீங்கள் தட்டத் தட்ட, அதைக் கடைசியாகத் தொட்ட நேரம் புதுப்பிக்கப்படும். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் விடை! ஆனால் அந்த நேரத்தை மற்றவர்களும் பார்க்கலாமே? விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்து டெர்மினல்காரர் பாஸ்வேர்டு அடிக்கும்போது எத்தனை எழுத்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுவரை ஊகிக்க முடிந்தது. அதனால் 2013இல் லினக்ஸ் கெர்னலில் வேண்டுமென்றே அந்த நேரத்தை மழுக்கினார்கள். இப்போது அது 8 நொடிப் படிகளாகத்தான் நகரும். வேவு பார்ப்பவருக்கு ஒன்றும் தேறாது, ‘டபிள்யூ’வுக்கோ அது தாராளமாகப் போதும். எவ்வளவு அழகான தீர்வு!

உள்ளே யார் என்பதில் திருடர்களுக்கும் அக்கறை உண்டு. 1986இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 75 சென்ட் கணக்கு இடிப்பதைத் துரத்திப் போன கிளிஃப் ஸ்டோல் ஒரு ஹேக்கரிடம் போய் முட்டினார். அந்த ஹேக்கர் உள்ளே வந்ததும் வேறு யார் இருக்கிறார்கள் என்று நோட்டம் விடுவார், சந்தேகம் தட்டினால் மாயமாகிவிடுவார்.

யூடெம்ப் இப்போது விடைபெறத் தொடங்கியிருக்கிறது. அதில் நேரத்துக்கு 32 பிட்தான் இடம். 2038 ஜனவரி 19ஆம் தேதியோடு அது நிரம்பிவிடும். அதனால் சில லினக்ஸ்களில் ‘ஹூ’ கோப்பைத் திறக்காமல், யார் நுழைந்தார்கள் என்று கணக்கு வைத்திருக்கும் ‘சிஸ்டம்டி’யிடம் நேரே கேட்டுக்கொள்கிறது.

ஒரு ரகசியம் பாக்கி. ‘ஹூ ஆம் ஐ’ என்று அடித்தால் உங்கள் வரியை மட்டும் காட்டும். ஆனால் அந்த ‘ஆம் ஐ’யை அது படிப்பதே இல்லை, பின்னால் ஏதாவது இரண்டு சொல் வந்தால் போதும்! கையேடே இன்னோர் உதாரணம் தருகிறது: ‘ஹூ மாம் லைக்ஸ்’. அம்மாவுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் உங்கள் பெயரைத்தான் சொல்லும். அடித்துப் பாருங்கள்!