முக்கொம்பில் பொங்கல் வேட்டை

அமெரிக்காவில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் சில வீடுகளில் எஜமானியம்மாளுக்குத் தூக்கம் போய்விடும். வீட்டுக்காரர் பின்னிரவில் அலாரம் வைத்து எழுந்து, காப்பியைக் குடித்துவிட்டு, இருட்டோடு இருட்டாகக் காட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். கையில் துப்பாக்கி இருக்காது. ஒரு நோட்டுப் புத்தகமும் தூரதிருஷ்டிக் கண்ணாடியும்தான் இருக்கும். காட்டு வான்கோழி வேட்டை பெரும்பாலான இடங்களில் ஏப்ரலில்தான் ஆரம்பம். இப்போது அவர் செய்வது அதற்கு முன்னால் நோட்டம் பார்க்கும் வேலை.

காட்டு வான்கோழி இரவில் மரக்கிளையில் அடையும். பொழுது விடிவதற்குச் சற்று முன்னால் கிளையில் இருந்தபடியே சேவல் குரல் கொடுக்கும். அந்தக் குரலைக் கேட்டு, அது அடையும் மரம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மண்ணில் பதிந்த கால் தடம், சருகைக் கிளறிய அடையாளம், புழுதியில் புரண்ட குழி, உதிர்ந்த இறகு ஒன்று விடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டையைப்போல் குரல் கொடுப்பதற்கு ஒரு சின்ன மரப்பெட்டிக் கருவி இருக்கிறது. அதை வீட்டிலே வைத்துப் பழகுவார்கள்; நோட்டம் பார்க்கும்போது தொடமாட்டார்கள். சேவல் உஷாராகிவிடுமாம்! வேட்டை நாளன்று சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய வர்ணங்களில் ஒரு கைக்குட்டைகூட வெளியே தெரியக் கூடாது என்றும் ஒரு விதி. சேவலின் தலையில் அதே மூன்று வர்ணங்கள்தான் இருக்கின்றன. புதருக்கு அப்பால் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் தவறாக எண்ணிவிட்டால் என்ன ஆகும்?

"ஒரு கோழிக்கா இவ்வளவு பாடு?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் பல மாநிலங்களில் இந்தப் பட்சி ஒன்றுகூட இல்லாமல் அழிந்துபோயிற்று. பிறகு விழித்துக்கொண்டு, 1937-ம் ஆண்டில் ஒரு சட்டம் போட்டு, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரிப் பணத்தைக் காட்டுயிர்களுக்கென்று ஒதுக்கினார்கள். மீந்திருந்த காடுகளிலிருந்து வான்கோழிகளைப் பிடித்துக்கொண்டுபோய் மற்ற இடங்களில் விட்டார்கள். இன்று அவை லட்சக்கணக்கில் இருக்கின்றன. எத்தனை இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்று கணக்குப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் இது முடிந்தது.

நம் ஊர் வேட்டைகள்

நமக்கும் இந்த வித்தை புதிதல்ல. கௌதாரி பிடிப்பவர்கள், பழக்கிய கௌதாரி ஒன்றைக் கூண்டில் வைத்துக் காட்டோரத்தில் கத்த விடுவார்கள். "என் எல்லையில் யாரடா அது?" என்று காட்டுக் கௌதாரி சண்டைக்கு வரும், கண்ணியில் காலை மாட்டிக்கொள்ளும். இப்படிப் பழக்கிய பிராணிக்குத் தமிழில் "பார்வை" என்று பெயர். பார்த்துக் கற்றுக்கொள்வதற்கும் பார்வை, பிடித்துக் கொடுப்பதற்கும் பார்வை! தமிழ் பொல்லாத பாஷைதான்.

அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது. 1972-ம் ஆண்டு வந்த காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும், உரிமம் வாங்கிக்கொண்டு சிலவற்றைச் சுட வழி இருந்தது. 1991-ம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. சமையல் அறையில் இருக்கும் நாம் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை வேறு. கண்ணி வைத்துப் பிடித்து, சாலையோரத்தில் இரகசியமாக விலை சொல்லும் காட்டுக் காடையும் கௌதாரியும் வேறு. பின்னதைப் பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே துப்பாக்கியைத் தடுத்த கிராமத்தார் நம்மிடையே உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். கலெக்டர் எழுதிக் கொடுத்த கௌல் பத்திரம் 1798-ம் ஆண்டைச் சேர்ந்தது. இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் அங்கே நாரைகள் கூடு கட்டிக்கொண்டிருக்கின்றன.

வேட்டைக்காரன் பறவை நிபுணராக மாறிய கதையும் உண்டு. சிறுவன் ஸாலிம் அலி விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. "இது என்ன குருவி?" என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனான். அந்த ஒரு கேள்விதான் அவரை இந்தியாவின் பெரிய பறவை நிபுணராக்கியது.

ஆகவே துப்பாக்கியைக் கழித்துவிட்டு, வேட்டைக்காரரிடமிருந்து மற்றவற்றை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் எழுந்திருப்பது, சத்தமில்லாமல் உட்காருவது, தடம் பார்ப்பது, குறித்து வைப்பது ஆகியவை நமக்கும் உதவும். நமக்கும் ஒரு சீஸன் இருக்கிறது. அதுதான் பொங்கல்.

நாலு நாள் கணக்கு

2015-ம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நாலு நாட்களில் "பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு" நடந்து வருகிறது. இதற்குப் பட்டம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓர் இடத்தில் நின்று, கண்ணில் பட்ட பறவைகளையும் காதில் விழுந்த பறவைகளையும் எண்ணி, இ-பேர்ட் என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். மொட்டை மாடியிலிருந்தும் செய்யலாம். ஆற்றங்கரைக்குப் போயும் செய்யலாம்.

காக்கையையும் மைனாவையும் எண்ணி என்ன ஆகப்போகிறது என்று அலட்சியமாக எண்ணிவிட வேண்டாம். 2023-ல் வெளிவந்த "இந்தியப் பறவைகளின் நிலை" அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் 338 இனங்களுக்குத்தான் நீண்ட காலப் போக்கைச் சொல்ல முடிந்தது. மற்றவற்றுக்குப் போதிய கணக்கு இல்லை! அந்த 338-ல் 60 சதவிகிதம் குறைந்துகொண்டு வருகின்றன என்றும், மயில் போன்ற சில பெருகியிருக்கின்றன என்றும் தெரியவந்தது. இந்த அறிக்கைக்கு ஆதாரம், சாதாரண ஜனங்கள் தங்கள் ஊரில் பார்த்து எழுதிய பட்டியல்கள்தாம். ஒரு பட்சி குறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், முன்பு எத்தனை இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டுமல்லவா?

மார்கழியில் நோட்டம்

திருச்சி, ஸ்ரீரங்கம் வாசிகளுக்கு நோட்டம் பார்க்க முக்கொம்பைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. திருச்சியிலிருந்து கரூர் சாலையில் ஜீயபுரம் தாண்டி, சுமார் 18 கிலோமீட்டரில் காவேரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவேரி, நடுவே ஸ்ரீரங்கம் தீவு தொடங்குகிறது. 1830-களில் ஆர்தர் காட்டன் இங்கே மேலணை கட்டினார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. பிறகு புதிய கதவணை எழும்பியது. ஆறு மாறும். ஒரு மணல் திட்டு கரையும், இன்னொன்று எழும். பட்சிகளும் அதற்குத் தக்கபடி இடம் மாறும். ஆகையால் போன வருஷத்து நினைவை நம்பிப் பொங்கலன்று போய் நின்றால் ஏமாற வேண்டியதுதான். ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கிவிட வேண்டும்.

முதல் பாடம் வாசலிலேயே நடக்கும். மார்கழியில் கோலம் போட இருட்டில் எழுந்திருக்கும் பெண்களுக்கு, அமெரிக்க வேட்டைக்காரர் அலாரம் வைத்துப் பெறும் சலுகை இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. மற்றப் பறவைகள் விழிக்குமுன் குரல் கொடுப்பது கரிச்சான். திருப்பாவையில் ஆண்டாள் ஆனைச்சாத்தன் என்று குறிப்பிடுவது இந்தக் கரிச்சானைத்தான் என்பார்கள். அதற்குப் பிறகு காக்கை, மைனா, செம்போத்தின் "ஊப் ஊப்" எல்லாம் வரிசையாக வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். புள்ளி வைக்கும்போதே பாதிப் பட்டியல் தயாராகிவிடும்.

இரண்டாவது பாடத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் முக்கொம்புக்குப் போங்கள். பொழுது சாயும் வேளையில் கொக்குகளும் நீர்க்காகங்களும் வரிசை வரிசையாகப் பறந்து வந்து அடையும். அவை எந்தத் திசையில் போகின்றன, எந்த மரத்தில் இறங்குகின்றன என்று பாருங்கள். மரத்தின் அடியில் தரை வெள்ளையடித்தாற்போல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மாலையில் அடைந்த இடம் தெரிந்தால், காலையில் எங்கிருந்து கிளம்பும் என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது பாடம் தடம். ஈர மணலில் பெரிய கால் தடம் வரிசையாகப் போனால் கொக்கோ நாரையோ நடந்திருக்கிறது. கரையோரத்தில் காலியான நத்தை ஓடுகள் குவிந்திருந்தால் அது நத்தைகுத்தி நாரையின் சாப்பாட்டுப் பந்தியாக இருக்கலாம். தண்ணீர் ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவது வாலாட்டி. உடம்பின் பின்பாதியையே ஆட்டிக்கொண்டு நிற்பது உள்ளான். வாலாட்டிகளில் வெண்புருவ வாலாட்டி உள்ளூர்க்காரர். மற்றவை பெரும்பாலும் குளிருக்கு ஒதுங்கி வரும் விருந்தாளிகள். கருப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல்லைப்போல் விழும். குழந்தைகளுக்கு அந்த ஒரு காட்சியே போதும்.

தண்ணீரின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து, ஜனவரி 28-ல் மூடுவார்கள். பொங்கல் சமயத்தில் ஆற்றில் நீர் ஓடினால் பட்சிகள் கரையோரத்துக்கும் வயலுக்கும் ஒதுங்கும். நீர் வற்றினால் மணல் திட்டுக்கு வரும். இந்தச் சூட்சுமம் தெரியாதவர், "போன மாசம் இருந்த பறவையெல்லாம் எங்கே போச்சு?" என்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கட்டுச்சாதக் கூடைக்குப் பக்கத்தில்

கொண்டுபோக வேண்டியவை அதிகம் இல்லை. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர் ஒன்று இருந்தால் குடும்பத்துக்கே போதும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஒரு நோட்டு, பென்சில், குடிதண்ணீர், தலைக்குத் துணி இவை இருக்கட்டும். பளபளக்கும் பட்டும் ஜரிகையும் வேண்டாம். காய்ந்த புல், மண், இலை நிறத்தில் பழைய புடவை உத்தமம். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி மேற்கே பார்த்து நில்லுங்கள். பறவையின் வர்ணம் தெளிவாகத் தெரியும். சாயங்காலம் கிழக்கே பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். தன் எல்லையைக் காக்க அது வீணாக அலையும். ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கலாம். வந்த வழியே திரும்பிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். மதகு திறந்தால் நீர் திடீரென்று ஏறும். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில் அடியில் குழி இருக்கும். எந்தப் பறவைக்காகவும் அந்த ஆபத்து வேண்டாம்.

எழுதும்போது நேர்மை முக்கியம். பெயர் நிச்சயமாகத் தெரியாத பறவையை ஊகித்து எழுத வேண்டாம். பத்து இனம் பார்த்தால் பத்து எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில், அதே வேளையில் நின்று எழுதும் பத்துக்குத்தான் மதிப்பு.

கை பழகிய பிறகு அரியலூர் மாவட்டத்தில் உள்ள கரைவெட்டிக்கும் ஒரு நடை போய் வரலாம். 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நீர்நிலைகளின் பட்டியலில் சேர்ந்த சரணாலயம் அது. இமயமலைக்கு மேலாகப் பறந்து வரும் வரித்தலை வாத்துகள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

கனுப்பிடியும் கணக்கும்

"பண்டிகை நாளில் பானை பொங்குவதைப் பார்ப்பேனா, காக்கையை எண்ணுவேனா?" என்று பாட்டிமார்கள் கேட்கலாம். அவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் பெண்கள் மஞ்சள் இலையில் வர்ண வர்ணமாகச் சாதம் வைத்து, "காக்காப் பிடி, கனுப் பிடி" என்று உடன்பிறந்தவர்கள் நலமாக இருக்க வேண்டிக்கொள்ளுகிறார்களே, அந்த நாள் கணக்கெடுப்பின் நாலு நாட்களில் ஒன்று. மொட்டை மாடியானாலும் சரி, காவேரிப் படித்துறையானாலும் சரி, இலையை வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விடாமல் பதினைந்து நிமிஷம் தள்ளி நில்லுங்கள். முதலில் வருவது காக்கையாக இருக்கும். பின்னாலேயே மைனா வரும், அணிலுக்குப் போட்டியாகத் தவிட்டுக்குருவிக் கூட்டம் வரும். தலைக்கு மேலே கொக்கு வரிசை ஒன்று முக்கொம்பை நோக்கிப் போகும்.

நாம் இலை போட்டு விருந்து வைக்கிறோம். எத்தனை பேர் வந்து சாப்பிட்டார்கள் என்று எண்ணுவது வீட்டுக்காரியின் வழக்கம்தானே?