உப்பைப் பூட்டி வைக்கும் உமரிச்செடி!

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறி, மீஞ்சூரைத் தாண்டிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ் பிடித்தால் பழவேற்காடு ஏரிக்குப் போய்விடலாம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இதுதான்.

ஏரிக்கரைச் சேற்றில் பார்த்தால், குண்டு குண்டான இலைகளோடு தரையோடு தரையாக ஒரு செடி வளர்ந்திருக்கும். அதுதான் உமரி. அந்த உப்புச் சேற்றில் நெல் நட்டால் கருகிவிடும். உமரியோ கொழுகொழுவென்று நிற்கிறது. எப்படி? ரகசியம் அதன் செல்லுக்குள் இருக்கிறது!

செல்லுக்குள் ஒரு கிடங்கு

அறிவியல் பாடத்தில் 'நுண்குமிழ்' என்று படித்திருப்பீர்கள். செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பை அது. அதைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. உள்ளே தண்ணீர், சர்க்கரை, உப்புகள், அமிலம், நிறமி எல்லாம் கலந்த செல் சாறு இருக்கும். எலுமிச்சையின் புளிப்பும், பீட்ரூட்டின் சிவப்பும் இந்தப் பையில்தான் இருக்கின்றன.

வளர்ந்த தாவர செல்லில் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய நுண்குமிழ் நடுவில் இருக்கும். சில செல்களில் 90 சதவீத இடத்தைக்கூட அதுவே பிடித்துக்கொள்ளும். மற்ற உறுப்புகள் எல்லாம் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கிடங்குகளைப் பார்த்திருப்பீர்களே? தேவையானதைச் சேர்த்து வைப்பார்கள். ஆபத்தான பொருளைத் தனியாகப் பூட்டியும் வைப்பார்கள். நுண்குமிழும் இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது.

உமரியின் தந்திரம்

உப்பில் உள்ள சோடியம் அளவுக்கு மீறினால், செல்லின் அன்றாட வேலைகள் எல்லாம் கெட்டுப்போகும். அதனால் உமரி, உள்ளே வரும் சோடியத்தை நுண்குமிழுக்குள் தள்ளிவிடுகிறது. நுண்குமிழின் சவ்வில் பம்பு போல வேலை செய்யும் புரதங்கள் இருக்கின்றன. அவைதான் சோடியத்தை உள்ளே அனுப்புகின்றன.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தண்ணீர் எப்போதும் உப்பு அதிகமுள்ள பக்கம்தான் போகும். செல்லுக்குள் உப்பு நிறைந்திருப்பதால், உப்பு மண்ணில் இருந்தும் உமரியால் தண்ணீரை இழுக்க முடிகிறது. நெல்லுக்கும் நுண்குமிழ் உண்டு. ஆனால், இவ்வளவு உப்பைச் சமாளிக்கும் திறமை அதற்கு இல்லை.

விலங்கு செல்லில்?

விலங்கு செல்லில் நுண்குமிழே கிடையாது என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்! உண்டு. ஆனால் சிறியவை, தேவைப்படும்போது தோன்றி, வேலை முடிந்ததும் மறைபவை. ஒரு செல் உயிரியான அமீபா, உணவை அப்படி ஒரு குமிழில் வைத்துத்தான் செரிக்கிறது. கூடுதலாகப் புகுந்த தண்ணீரை வெளியேற்ற, சுருங்கி விரியும் குமிழ் ஒன்றும் அதனிடம் உண்டு.

ஏன் இந்த வித்தியாசம்? தாவர செல்லைச் சுற்றி உறுதியான செல் சுவர் இருக்கிறது. நுண்குமிழில் தண்ணீர் நிறைந்து அழுத்தினாலும் சுவர் தாங்கும். அந்த அழுத்தத்தால்தான் கீரைத்தண்டு விறைப்பாக நிற்கிறது. தண்ணீர் குறைந்தால் வாடித் தொங்குகிறது. விலங்கு செல்லுக்குச் சுவர் இல்லை. நம் ரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால், தண்ணீர் உள்ளே புகுந்து வெடித்துவிடும்! அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் 0.9 சதவீதம் உப்பு கலந்திருக்கிறார்கள்.

அப்படியென்றால், விலங்குகள் கூடுதல் உப்பை என்ன செய்கின்றன? பழவேற்காட்டுக்கு வரும் பூநாரையைக் கேளுங்கள்! அதன் தலையில் உப்புச் சுரப்பிகள் உண்டு. மிஞ்சிய உப்பை மூக்குத் துளை வழியாக வெளியேற்றிவிடும். நமக்கு அந்த வேலையைச் செய்வது சிறுநீரகம். உமரி உப்பைப் பூட்டி வைக்கிறது. பூநாரை வெளியே துப்புகிறது. ஒரே ஏரி, இரண்டு வழிகள்!

வயலுக்கு வந்த ஆபத்து

இது வெறும் பாடம் மட்டும் இல்லை நண்பர்களே. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால், கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே புகுந்தது. 1960களின் இறுதியிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கிணற்று நீர் உப்பாகிவிட்டால், நெல் பயிரிடும் விவசாயி என்ன செய்வார்?

விஞ்ஞானிகள் நுண்குமிழின் பக்கம் திரும்பினார்கள். 2001இல், அந்தப் பம்புப் புரதத்தை அதிகமாக உண்டாக்கும் தக்காளிச் செடியை வெளிநாட்டில் உருவாக்கினார்கள். கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உப்பு கலந்த நீரில் அது காய்த்தது. உப்பு இலைகளில் தங்கியது. பழத்தில் அதிகம் சேரவில்லை! நம் நாட்டில், குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம், உமரி வகைச் செடி ஒன்றிலிருந்தே இந்தப் பம்புக்கான மரபணுவைப் பிரித்தெடுத்து 2011இல் அறிவித்தது. புகையிலைச் செடியில் அதைச் சேர்த்தபோது, உப்பைத் தாங்கும் சக்தி கூடியது.

ஆனாலும், வயலில் உப்பைத் தாங்கும் பயிரைத் தேடுவதைவிட, நிலத்தடி நீரைச் சேமித்து உப்பு வராமல் காப்பது நல்லது அல்லவா?

செய்து பாருங்கள்!

அம்மாவிடம் சொல்லி, உருளைக்கிழங்கில் மெல்லிய துண்டுகள் இரண்டு நறுக்கித் தரச் சொல்லுங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும், மற்றொன்றை மூன்று ஸ்பூன் உப்புக் கரைத்த தண்ணீரிலும் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். பிறகு இரண்டையும் வளைத்துப் பாருங்கள். ஒன்று விறைப்பாக இருக்கும். மற்றொன்று துவண்டு வளையும். எந்தத் துண்டில் நுண்குமிழ் தண்ணீரை இழந்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்!