999 ஆண்டுக் குத்தகை: பெரியாறு பத்திரம் வணிகருக்குச் சொல்லும் பாடம்

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகமும் விளைந்தால் நமது மளிகைக் கடைகளில் பற்று வரவு சீராக ஓடும். வாய்க்காலில் தண்ணீர் தாமதமானால் கடன் பேரேடுதான் கனக்கும். கூடலூர் முதல் தேனி வரை கடை வைத்திருக்கும் எவருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தண்ணீருக்கு ஆதாரமான பெரியாறு அணையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அணைக்கு முன்பு எழுதப்பட்ட குத்தகைப் பத்திரத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. வாடகைக் கட்டடத்தில் தொழில் நடத்தும் நாம் அவசியம் அறிய வேண்டிய பத்திரம் அது.

மேற்கே ஓடும் பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் யோசனை பழையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை இதை ஆராய்ந்தார். 1808இல் கால்டுவெல் என்ற பொறியாளர் இது ஆகாத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1876-78 பஞ்சத்திற்குப் பிறகு சென்னை அரசாங்கம் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. ராணுவப் பொறியாளரான பென்னிகுயிக் 1882இல் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றார்.

ஆனால் அணை கட்ட வேண்டிய இடமும், தண்ணீர் தேங்கும் காடும் திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்குச் சொந்தம். எனவே நிலத்துக்காரரோடு பேசி முடிக்காமல் ஒரு கல்லைக்கூட வைக்க முடியாது. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருவிதாங்கூர் மகாராஜா பிரிட்டிஷாருக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டி வந்தவர். கடன் கொடுத்தவரே இடத்தையும் வாடகைக்குக் கேட்டால் நம்மில் யார் நிமிர்ந்து பேரம் பேசுவோம்? இரு தரப்பும் சமபலத்தோடு நடத்திய பேச்சு அல்ல அது.

நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு 1886 அக்டோபர் 29 அன்று பத்திரம் கையெழுத்தாயிற்று. மகாராஜாவுக்காகத் திவான் ராமய்யங்காரும், இந்தியாவுக்கான அமைச்சருக்காக ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்டனர். நீர்தேங்கும் பகுதிக்கு 8,000 ஏக்கர், வேலைகளுக்கு 100 ஏக்கர். குத்தகைக் காலம் 1886 ஜனவரி 1 முதல் 999 ஆண்டுகள். விரும்பினால் மேலும் 999 ஆண்டுகள் நீட்டித்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டு வாடகை 40,000 ரூபாய். அதுவும் கப்பத் தொகையில் கழித்துக்கொள்ளப்படும். 1887இல் தொடங்கிய வேலை முடிந்து, 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். இன்று நமது பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்தத் தண்ணீரால் விளைகிறது.

இனி நமக்கான பாடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, வாடகை உயர்வு. 999 ஆண்டுகளுக்கு ஒரே வாடகை என்று எழுதியதில் நிலத்துக்காரருக்கு நஷ்டம் என்பது வெளிப்படை. ஆனால் ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமான ஒப்பந்தம் மறு தரப்பின் மனத்தில் ஆறாத புண்ணாகிவிடுகிறது. 1970 மே மாதம் தமிழகமும் கேரளமும் செய்த துணை ஒப்பந்தத்தில் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. 30 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம் என்ற விதியும் சேர்ந்தது. எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு உயர்வு என்று முதலிலேயே எழுதிவிடுவதே இருவருக்கும் நிம்மதி.

இரண்டாவது, எதற்காகக் குத்தகை என்பது. பத்திரம் பாசனத்தைப் பேசியது, மின்சாரத்தைப் பேசவில்லை. பின்னாளில் சென்னை அரசு அதே தண்ணீரில் மின்சாரம் எடுக்க முனைந்தபோது திருவிதாங்கூர் மறுத்தது. வழக்கு மத்தியஸ்தர்களிடம் போய், 1941 மே மாதம் நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பிறகு லோயர் கேம்பில் மின்நிலையம் வந்தது. அதற்கான உரிமை 1970 ஒப்பந்தத்தில் தனிக் கட்டணத்தோடு எழுதப்பட்டது. மீன்பிடி உரிமையைத் தமிழகம் விட்டுக்கொடுத்தது. பலசரக்குக் கடை என்று எழுதிவிட்டு நாளை பின்கட்டில் மாவு மில் போட்டால் இதே தகராறு நம் வாசலுக்கும் வரும். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் குத்தகைக்கு எடுத்த நோக்கத்தை மீறக் கூடாது என்றே சொல்கிறது.

மூன்றாவது, தகராறு வந்தால் யாரிடம் போவது என்பது. மத்தியஸ்தத்திற்கு வழி அந்த 1886 பத்திரத்திலேயே இருந்தது. அதனால்தான் பேரரசும் சமஸ்தானமும் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தது.

நான்காவது, காலக்கெடு. சீனாவிடமிருந்து பிரிட்டன் 1898இல் ஹாங்காங்கின் புதிய பிரதேசங்களை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. கட்டடங்களும் கடைகளும் பெருகிய பிறகு, கெடு நெருங்க நெருங்க அங்கே வணிகர்களுக்குக் கலக்கம் பிடித்தது. 1997இல் ஹாங்காங் முழுவதையுமே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நாம் ரேக், ஷட்டர், கிட்டங்கி என்று முதல் போடுமுன், அந்த முதல் திரும்பி வரும் வரையாவது இடம் நம் கையில் இருக்குமா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, எழுத்து. 1947இல் ஆட்சி மாறியது. 1956இல் மாநில எல்லைகள் மாறின. சமஸ்தானமே இல்லாமல் போயிற்று. ஆனாலும் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தப் பத்திரம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கையெழுத்திட்டவர்கள் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்தும் எழுத்து பேசுகிறது.

நம்மில் பலர் இன்றும் அட்வான்ஸ் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட வாங்காமல், பெரியவர் சொன்ன சொல்லை நம்பிக் கடை நடத்துகிறோம். பெரியவர் சொல் மாறமாட்டார். அவருக்குப் பின் வரும் வாரிசுகளுக்கு அந்தச் சொல் தெரியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் கூறும் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் உள்ளது. முத்திரைத்தாள் செலவைப் பார்த்துத் தயங்குவோர், கடையைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்தால் ஆகும் செலவையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.